ஐம்பத்தெட்டு

இடுப்பளவு தெரியும். தோளகலம் தெரியும்.
கைநீளம் தையற்காரர் நோட்டில்
ஏழு வருடமாய் மாறாமல் கிடக்கிறது.
தலையளவு மட்டும் அஸேத்தாவுக்குத் தெரியவில்லை.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

வாகாதூகூவில் பிப்ரவரி.
ஹர்மத்தான் காற்று பாலையைச் சலித்துச் சலித்து
சிக்னலில் நிற்கும் ஸ்கூட்டர்கள்மேல் தூவுகிறது.
முட்டைத் தட்டு சுமந்த பெண்கள்,
முதுகில் பிள்ளை கட்டிய பெண்கள்,
ஹாரனில் கைவைத்தே பிறந்த பெண்கள்.
வண்டி விளக்குக்குக்கூட வலைக்கம்பி போட்டிருக்கிறார்கள்.
தலைகள் வெறுந்தலைகள்.

பெரிய சந்தையின் பின்வாசலில் பூக்காரேயின் கடை.
"அக்கா, பெண்களுக்கென்றே வந்தது இது."
ரோஜா நிறம். பக்கவாட்டில் வண்ணத்துப்பூச்சி.
உள்ளே கட்டைவிரலால் அழுத்தினாள்.
பழைய ரொட்டிபோல் அமுங்கி, அப்படியே கிடந்தது.
"இதில் பூச்சிக்கு எவ்வளவு, மண்டைக்கு எவ்வளவு?"
பூக்காரே சிரித்தான். விலை சொல்லவில்லை.

பைக்குள்ளிருந்து நாடாவை எடுத்தாள்.
புருவத்துக்கு ஒரு விரல் மேலே,
பின்மண்டைப் புடைப்பைச் சுற்றி:
ஐம்பத்தெட்டு.
"பெண்தலை அக்கா, ஐம்பத்தைந்து தாராளம்."
"நாடாவுக்கு ஆணா பெண்ணா தெரியாது தம்பி.
மேல்தட்டில் அந்தக் கறுப்பை எடு."

கறுப்பு, தலையில் இறங்கவில்லை.
சனிக்கிழமை ஸெனாபோவின் முழங்கால்களுக்கிடையில்
ஆறு மணிநேரம் உட்கார்ந்து பின்னிய பின்னல்கள்,
உச்சியில் கோபுரமாய்ச் சுருட்டிய கொண்டை.
கவசம் கொண்டைமேல் உட்கார்ந்திருந்தது,
தலைமேல் அல்ல.
ஒரு நிமிடம் கண்ணாடியைப் பார்த்தாள்.
பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாய் உருவி
உதட்டில் கவ்விக்கொண்டாள்.
நாற்பது பின்னல்கள் பிடரியில் விழுந்தன.
வளையத் தோடுகள் பர்சுக்குள் போயின.

இப்போது இறங்கியது.
கன்னம் இரண்டும் வாய்க்குள் வந்தன.
"இறுக்கமாயிருக்கிறதே அக்கா, பெரிது தரட்டுமா?"
கன்னச்சதையைக் கடித்துக்கொண்டே சொன்னாள்:
"பஞ்சு பழகும். பள்ளத்துக்கு நான் பழக முடியாது."
இல்லை இல்லை என்று தலையாட்டினாள்.
கவசம் தனியாக ஆடவில்லை,
தோலையும் இழுத்துக்கொண்டு
அதுவும் இல்லை இல்லை என்றது.
தாடைவாரை மாட்டி
பின்விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.
கழன்றுவரவில்லை.

போட்டுக்கொண்டே சந்தையைச் சுற்றினாள்.
நெற்றியில் வலி வரவில்லை.
இடது பொட்டில், மூக்குக்கண்ணாடிக் காம்பு
லேசாக உறுத்தியது. அதை மன்னித்தாள்.
தக்காளிக்காரி தேனே கேட்டாள்:
"நிலாவில் இறங்குகிறாயா, ஏறுகிறாயா?"

இருபத்தெட்டாயிரம் ஃபிராங்க்.
மார்ச் எட்டாம் தேதிக்கு
எல்லாப் பெண்களும் வாங்கும் புதுத்துணியும்
அதன் தையற்கூலியும்
ஏறக்குறைய அதே தொகை.
சீட்டுக்குழுவில் முன்பணம் கட்டாதவள்
இவள் ஒருத்திதான்.
இருபத்துநான்கரையில் பேரம் முடிந்தது.
ஏனென்று கேட்டால் சொல்ல
ஒரு பெயர் இருக்கிறது அவளிடம்.
"தாம்பூய் போகும் சாலை, அணைக்கரை, மாலை"
என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

மார்ச் எட்டு.
ஒரே பூ, ஒரே நீலம், நூறு உடம்பில்.
நடுவே போன வருடத் துணியில் அஸேத்தா,
கைக்குழந்தைபோல் இடுப்பில் கவசம்.
"கொடு, போட்டுப்பார்க்கிறேன்" என்றாள் ஸெனாபோ.
அவள் இடப்பக்கம் திரும்பினாள்;
கவசம் நேரே பார்த்துக்கொண்டிருந்தது.
"உனக்கு ஐம்பத்தாறு இருக்கும்."
"அதெப்படித் தெரியும்?"

நாடா வெளியே வந்தது.
ஐம்பத்தைந்தரை.
அடுத்தவள் தலைத்துணியை அவிழ்த்தாள். ஐம்பத்தேழு.
யாரோ ஒருத்தி கறிக்கரண்டியோடு ஓடிவந்து குனிந்தாள்.
"கொண்டையை நான் இனித் தட்டையாய்ப் பின்னவேண்டும்போல"
என்று ஸெனாபோ முனகினாள், கூலியை ஏற்றும் குரலில்.

குழுவின் தலைவி கடைசியாக வந்தாள்.
நாடா சுற்றி, சுற்றி, முனையைத் தேடி...
அறுபத்தொன்று!

தலைக்கனம் யாருக்கென்று
ஊருக்குத் தெரிந்துபோனது.
முதலில் சிரித்தவள் அவள்தான்.