வெஸ்குஸ்

ம்யூனிக். நாற்பத்தேழாம் ஆண்டின் ஜனவரி.
நிலக்கரி வண்டி வரவில்லை.
அகராதி அலுவலகத்தில் கையுறை போட்டுக்கொண்டுதான் எழுத்து.
வால்புர்கா ஷ்ட்ரோபல் தன்னுடையதில்
மூன்று விரல் நுனியை வெட்டிவிட்டிருந்தாள்.

அன்றைய பெட்டியில் ஒரு பெயரடை: வெஸ்குஸ்.
அத்தனை நூற்றாண்டு லத்தீனுக்கும் சேர்த்து
ஒரு கைப்பிடிச் சீட்டுகூட இல்லை.

ஒன்றில் அது உப்புக்கு அடைமொழி.
கடலோரப் பாறையை அரித்தெடுக்கும் உப்பு.
அப்படியென்றால், தின்கிற.
இன்னொன்றில் கன்றுக்குப் போடும் வில்லோ தழைக்கு,
பிறகு ஒரு கசகசாச் செடிக்கு.
அங்கெல்லாம் மெலிந்த, சோனியான, சத்தில்லாத.

வேர் பார்த்தவர்கள் இரண்டு கட்சி.
'வே' இல்லாமை, 'எஸ்கா' இரை,
ஆகவே இரையற்றது என்பவர்கள்.
இல்லை, அந்த 'வே' விலகிப் போவது;
கொஞ்சங் கொஞ்சமாய்த் தின்று தீர்ப்பது என்பவர்கள்.
இருவருமே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
எழுதியிருக்கிறார்கள் என்று பட்டது அவளுக்கு.

(நான் அங்கே இல்லை.
இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்:
எங்கள் பேச்சில் உண்ணாத வாய் உண்டு,
உண்ணாத சோறும் உண்டு.
ஒரே 'உண்ணாத'தான்.
எந்தப் பக்கம் நிற்கிறது என்று அதைக் கேட்பதில்லை.)

காலையில் பசை வந்திருந்தது,
இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் கிண்ணம்.
நிஜக் கோதுமை மாவில் காய்ச்சியது.
அறை முழுக்க அதன் வாசனை.
பதினொரு மணிக்குப் பாதி.
பன்னிரண்டுக்குக் கிண்ணம் கழுவி வைத்தாற்போல்.
ஒட்டிய சீட்டுகளை எண்ணினால் ஆறு.

யாரும் யாரையும் கேட்கவில்லை.
தூரிகை வால்புர்காவின் மேசையில்தான் இருந்தது,
மயிர் நனைந்து, கூராக, சுத்தமாக.

மாலையில் டாக்டர் அஷன்பிரென்னர் வந்தார்.
சீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.
"தின்கிறதா, தின்னக் கிடைக்காததா?
ஒன்றை முடிவு செய்யுங்கள், ஃபிராய்லைன்.
இரண்டும் ஒரே சொல்லாக இருக்க முடியாது."

அவர் மீசையின் இடது ஓரத்தில்
வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது.

"முடியும், ஹெர் டாக்டர்" என்றாள்.

அவர் மீசையைத் தொட்டுக்கொண்டார்.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
பிறகு இரண்டு பொருளுக்கும் கீழே
தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டார்.

ஒட்டுவதற்குப் பசை இல்லை.
குண்டூசியால் குத்தி வைத்தாள்.
துருப்பிடித்த குண்டூசி.