பதினஞ்சு வேலம்பாளையம், ஐம்பது பொருள்

எங்க ஊர்ப் பேரிலேயே ஓர் எண் இருக்கு.
பஸ்ஸுல ஏறி 'பதினஞ்சு' என்றால் போதும்,
கண்டக்டர் டிக்கெட் கிழிச்சுருவார்.
எது பதினஞ்சுன்னு யாரும் கேட்டதில்லை.

மிர்த்திகா சொன்ன எண் ஐம்பது.
இந்தோனேசியாவுல, பாண்டுங்குல ஒரு பொண்ணு,
நம்ம வயசுதான்.
வெள்ளைச் சுவர், ஒரு மெத்தை, ஒரு விளக்கு,
ஜன்னல்ல உள்ளங்கை அளவு கள்ளி.
அவ்வளவுதான் அறை.
வீடியோவுல அவ பேசுறதே இல்லை,
துணி மடிக்கிற சத்தம் மட்டும்.
'ஐம்பதுக்கு மேல ஒண்ணும் வச்சுக்கக் கூடாது.
ஞாயித்துக்கிழமைக்குள்ள பட்டியல் போடு.'
ஒன்பதாவது பி பிரிவுல ஆறு பேர் சேர்ந்தோம்.

ராத்திரி, கணக்கு நோட்டோட கடைசிப் பக்கம்.
யூனிஃபார்ம் ரெண்டு. தீபாவளிச் சுடிதார்.
ஜியோமெட்ரி பாக்ஸ், காம்பஸ் இல்லாதது.
செருப்பு ஜோடியா, ரெண்டா?
ரெண்டு.
ஹேர்பேண்டு நாலு, அதுல ஒண்ணு தொளதொள.
பாய்ல பாதி என்னுது, பாதி தம்பி கவின்குமாரோடது;
அரைன்னு போட்டேன்.
கண்ணாடி வீட்டுக்கு. சீப்பும் வீட்டுக்கு.
ஃபோன் அம்மாவோடது,
எட்டு மணிக்கு மேல என்னுது. அரை.
குளியலறை ஏழு லைன் வீட்டுக்கும் ஒண்ணு,
எனக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பார்த்து
மீதி வந்துட்டே இருந்துச்சு, விட்டுட்டேன்.

இருபத்தெட்டுல நின்னுபோச்சு.
கம்மல் திருகாணி ரெண்டையும் தனியா எழுதி
முப்பது.

திங்கக்கிழமை மிர்த்திகா வாயைப் பொத்திக்கிட்டா.
'எப்படிடி? எதையெதைத் தூக்கி வீசினே?'
சிரிச்சு வச்சேன்.
ஓட்டப் பந்தயத்துல கூட நான் முதல்ல வந்ததில்லை.

அவளுக்கு இருநூத்தி நாப்பது வந்துச்சாம்.
புதன்கிழமை அவங்க கார் எங்க சந்துக்குள்ள திரும்ப முடியாம
முக்குல நின்னு ரெண்டு கட்டைப்பை இறங்குச்சு.
டீசர்ட் பதினாலு,
சக்கரம் போன ஸ்கேட்டிங் ஷூ,
கம்பி அறுந்த உகுலேலே,
பாதி எரிஞ்ச மணக்கிற மெழுகுவத்தி,
பேனா இருபத்திமூணு, எழுதாதது ஆறு.
மேலே ஒரு சீட்டு:
'உன் பட்டியல்ல இன்னும் இருபது இடம் இருக்கில்ல!'

ஷிப்டு முடிஞ்சு வந்த அம்மா
ஷூவை அக்கட்டால தள்ளிட்டு
சாம்பக் கலர் டீசர்ட்டை எடுத்தாங்க.
நெஞ்சுல 'லெஸ் ஈஸ் மோர்'னு இருந்ததைப் பார்க்கலை.
உள்பக்கம் திருப்பி, தோள் தையல்ல விரலை ஓட்டி,
ஒரு பிசிறைப் பல்லால கடிச்சுத் துப்பினாங்க.
'இது எங்க லாட்டு கண்ணு.
போன ஆடியில ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செக்கிங்.
கழுத்து சுருங்குதுன்னு பாதியைத் திருப்பிட்டானுங்க.
இதெப்படி இங்க வந்துச்சு?'

இப்ப என் கணக்கு எழுபத்தொண்ணு.
மிர்த்திகாவுக்குச் சரியா ஐம்பது.
'நீ குறைக்கணும்டி' என்கிறா,
அக்கறையாத்தான்.

ஒண்ணை மட்டும் நான் எழுதவே இல்லை.
அரிசி டிரம்முக்குப் பின்னால ஒரு பிஸ்கட் டப்பா,
நிறைய லேபிள்.
கம்பெனியில கூட்டித் தள்ளுறப்ப அம்மா முந்தானையில் முடிஞ்சு வர்றது.
எஸ், எம், எல்,
சாட்டின், காடா,
வாசிக்கத் தெரியாத எழுத்துல துவைக்கிற விதி.
போன வாரம் கிடைச்சது இந்தோனேசிய பாஷையாம்.
ஃபோன்கிட்ட காட்டினேன், சொல்லுச்சு:
தனியாகத் துவைக்கவும்.

நானூத்திப் பதிமூணு இருக்கு.
மூடி வச்சா ஒண்ணு.