படிவம்

பூப்பெய்திய வயது? என்கிறது தாள்.
பத்தரை.
குச்சுக்கு ஓலை மேட்டுப்பாளையத்திலிருந்து
பஸ் கூரையில் ஏறி வந்தது;
கோத்தகிரியில் தென்னை ஏது.
"சீக்கிரமே ஆயிட்டா, அதான் இப்படி"
அம்மா, இன்றைக்கும்.

எமல்டாவுக்குப் பதினேழு.
மாதாவுக்கு மெழுகுவர்த்தி, குன்னூரில் ஊசி.
"லேட்டாச்சுல்ல, அதான் இப்படி"
அவள் சித்தி.

கொழுந்து நிறுக்கும் வரிசையில்
ஈரத்துக்கென்று கழித்த இரண்டு கிலோவுக்காக
கணக்கரோடு எனக்காக மல்லுக்கு நின்றாள்.
எனக்கு அப்போது முப்பத்தொன்று.
அந்த வயதுக்குக் கட்டம் இல்லை.

ஆய்வுக்கு வந்த பெண் பேனாவை உதறுகிறாள்,
குளிரில் மை இறங்கவில்லை.
இரண்டு எண்களையும் பார்க்கிறாள்,
எங்களைப் பார்க்கிறாள்,
மறுபடி எண்களை.

டீயை ஆற்றியபடி எமல்டா கேட்கிறாள்:
"சர்க்கரை போடலாமா?"
அதற்கும் அவளுக்குச்
சட்டென்று பதில் வரவில்லை.