முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது

பெருங்குடியில் நான்காவது மாடி.
ஒஹையோவில் இதை ஐந்தாவது என்பார்கள்.
ராத்திரி முழுக்க அந்த ஊர்க்காரர்களின்
கால் முறிவுகளையும் பல்வலிகளையும்
காப்பீட்டுக் கட்டங்களில் நிரப்புவது என் வேலை.

முதல் நாள் எபினேசர் சொன்னான்:
"மாசம் முன்னாடி, தேதி பின்னாடி.
ஸ்கூல்ல படிச்சதைச் செருப்போட வெளியவே விட்டுட்டு வா."
பன்னிரண்டு வரைதான் தகராறு.
பதிமூன்றாம் தேதி பிறந்தவர்களை
எந்த நாட்டிலும் தப்பாகப் படிக்க முடியாது.
ஐந்தாம் மாசம் ஐந்தாம் தேதிக்காரர்களும் தப்பித்தார்கள்.
மற்ற பேருக்கு
ஆளுக்கு இரண்டு பிறந்தநாள்.

சகாயம் ப்ரேமனில் வெல்டிங் பட்டறையில் இருக்கிறான்.
முதல் சம்பளச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினான்:
2.140,00
ரெண்டு யூரோ சொச்சத்துக்கா
இத்தனை கடல் தாண்டிப் போனே என்று கேட்டேன்.
இங்கே புள்ளியும் காற்புள்ளியும்
நாற்காலி மாற்றி உட்கார்ந்திருக்கின்றன என்றான்.
அவனும் மாறித்தான் போனான்.
ஒன்றுக்கு மூக்கு வைக்கிறான்,
ஏழுக்கு அரைஞாண் கட்டுகிறான்.
குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும் மிஷின் அனுப்பினானே,
ராயபுரத்துப் பின்கோடில் அவன் போட்ட ஒன்றை
ஏழென்று படித்து
பார்சல் சேலையூர் வரை போய்த் திரும்பியது.

நான் மட்டும் என்ன ஒழுங்கு.
ஐந்தடி ரெண்டு அங்குலம், அறுபத்தொரு கிலோ.
வீடு நானூறு சதுர அடி,
தண்ணீர் லாரி ஒன்பதாயிரம் லிட்டர்,
அடகில் மூன்று சவரன்.
வெயிலைச் செல்சியஸில் திட்டுவேன்,
காய்ச்சலுக்கு ஃபாரன்ஹீட்டில் பயப்படுவேன்.
அதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை
மே மாசம் ஒன்பதாம் தேதி வரை.

மணி ஒன்றரை. பக்கத்துப் போர்ஷன் ரேச்சல் போன் செய்தாள்.
"ஜெசிந்தாவுக்கு உடம்பு லேசா சுடுது.
உங்க வீட்டுக்காரர் மிஷின்ல வெச்சுப் பாத்துட்டேன்,
முப்பத்தெட்டு பாயிண்ட் ஒம்போதுதான்.
மத்தியானம் வெயிலே நாப்பத்தொண்ணு அடிச்சுது,
அதவிடக் கம்மி. நீ வேலையப் பாரு."

சரி என்று வைத்துவிட்டேன்.
ஒரு நிமிஷம் நானும் அதை நம்பினேன்.
அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அடுத்த படிவம் டோலிடோக்காரர் ஒருவருடையது.
உடல் வெப்பம் என்ற கட்டத்தில் 102.
எபினேசரின் பேனாவைப் பிடுங்கி
டிஷ்யூ பேப்பரில் போட்டேன்:
ஒன்பதால் பெருக்கு, ஐந்தால் வகு,
முப்பத்திரண்டைக் கூட்டு.
டிஷ்யூ கிழிந்தது.
இன்னொன்றில் போட்டேன்.
நூற்றிரண்டு. அங்கேயும் இங்கேயும்.

கேப் டிரைவர் "அஞ்சு நிமிஷம்க்கா" என்றார்.
அதை மாற்ற எந்த வாய்ப்பாடும் கிடையாது.
இருபத்துமூன்று நிமிஷம் கேட்டில் நின்றேன்.

கல்மண்டபம் பக்கம் கிளினிக்கில்
படிவத்தை நான்தான் நிரப்பினேன்,
குழந்தை தோளில், எழுத்து கோணல்.
நர்ஸ் படித்துவிட்டு நிமிர்ந்தாள்:
"ஒரு வருஷம் பத்து மாசமா?
வயசுக்கு வளர்த்தி பத்தலையே."
12/07.
ராத்திரிப் பழக்கம்.
டிசம்பர் ஏழில் பிறந்தவள்
என் கையாலேயே ஜூலைக்குப் போய்
ஐந்து மாசம் மூத்துவிட்டாள்.

நர்ஸ் திட்டவில்லை. அடித்துவிட்டு
டிசம்பர் என்று முழுசாக எழுத்தில் எழுதினாள்.
எடை பார்த்தாள். மருந்தை மில்லியில் சொல்லி
"ஸ்பூன்ல ஊத்தாதீங்க,
வீட்டுக்கு வீடு ஸ்பூன் வேற" என்றாள்.

ஏழரைக்குத்தான் ஜெசிந்தா தூங்கினாள்.
ப்ரேமனில் நாலு.
மூன்று மணியென்றோ நான்கு மணியென்றோ இல்லாமல்
நடுவில் தொங்கும் அந்த அரை மணி
எனக்கு இன்னும் பழகவில்லை.
முதல் ஷிப்டுக்கு எழுந்தவன் கேட்டிருந்தான்:
இங்க ஆறு டிகிரி. அங்க?

நூற்றிரண்டு என்று அடித்தேன்.
அழித்தேன்.
ராத்திரி 38,9
இப்போ 37,4
என்று
இரண்டுக்கும் காற்புள்ளி வைத்து அனுப்பினேன்.