பரவிய விதம்

படிவத்தில் ஏழாம் கட்டம்:
"பரவிய விதம்."
அரைமணி நேரமாகப் பேனா அங்கேயே நிற்கிறது.

நாரின் மலைகளுக்கு மேலே, கோடை மேய்ச்சலில்
மூன்று ஆடுகள் செத்தன.
மூன்றும் தொக்தோசுனுடையவை.
இந்த மாவட்டத்துக்கு நான்தான் கால்நடை மருத்துவர்.
வாய் நுரையைப் பார்த்தேன், வயிற்றை அறுத்தேன்,
கொஞ்சம் குடலைக் குப்பியில் அடைத்துப்
பனிக்கட்டி சுற்றி
பிஷ்கெக் போகும் லாரியில் கொடுத்தனுப்பினேன்.

கொடுத்தனுப்புவது நல்ல சொல்.
கொடுத்தவர் பெயர் ரசீதில் இருக்கும்,
வாங்கியவர் கையெழுத்தும்.
எசென் வண்டியோட்டினான், மூன்று கணவாய்.
கடத்தினான் என்று யாராவது சொல்லியிருந்தால்
பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள்.
அதே குப்பி, அதே லாரி.

அன்று காலை தொக்தோசுனின் மனைவி புருல்சா
தயிர் உருண்டைகளை வெள்ளைத் துணியில்
காயப் பரப்பியிருந்தாள்.
பரப்பியது யார் என்று கேட்கவே வேண்டாம்.
ஒவ்வோர் உருண்டையிலும்
அவள் விரல்கள் அழுத்திய பள்ளம்.

திரும்பும் வழியில் ஜிபார் கடையில்
டார்ச்சுக்கு பேட்டரி வாங்கினேன்.
"தொக்தோசுன் ஆடுகளுக்கு என்னவாம்?"
"பார்க்கலாம்," என்றேன்.

அவ்வளவுதான்.
பார்க்கலாமுக்கு முன்னால் மட்டும்
ஒரு மூச்சு நேரம் நிறுத்தினேன்.
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று
எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அந்த மூச்சு
என் குதிரைக்கு முன்பே மலையேறிவிட்டது.
நீண்ட காது என்பார்கள் இங்கே:
ஒரு கூடாரத்தில் இருமினால்
ஐந்தாம் கூடாரத்தில் கஷாயம் கொதிக்கும்.
கசிந்தது, எட்டியது, காதில் விழுந்தது,
காற்றுவாக்கில் வந்தது.
இத்தனை வினைகள்,
ஒன்றுக்கும் ஆள் இல்லை.
தண்ணீர் தானாகக் கசியும், சரி.
செய்திக்கு ஒரு வாய் வேண்டாமா?

வெள்ளிக்கிழமை
மகளை முதன்முதலாகத் தொட்டிலில் இடும் நாள்.
தொக்தோசுன் விரிப்பை விரித்தான், பதினெட்டுப் பேருக்கு.
ரொட்டி, வெண்ணெய், வேகவைத்த தலைக்கறி.
பரிமாற இருவர் இருந்தார்கள்.
பரிமாறிக்கொள்ள யாருமில்லை.
கை கையாய் மாறி வட்டம் சுற்றவேண்டிய
புளித்த குதிரைப்பால் கிண்ணம்
கணவனிடமிருந்து மனைவிக்கும்
மனைவியிடமிருந்து கணவனுக்குமாக
மதியம் முழுக்க நடந்தது.

ஓடைக்கு இறங்கும் பாதையில்
யாரோ சுண்ணாம்புத்தூள் தூவியிருந்தார்கள்,
அவன் மந்தை தாண்டாதிருக்க.
கோடு நேராக இருந்தது.
பதறாத கை.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது.
தொற்று இல்லை.
ஓடைக்கரையில் ஊதாப்பூ பூக்கும் செடி,
வேர் வரைக்கும் நஞ்சு.
ஒரு போர்வையை விரித்தால்
மொத்தச் செடியும் அதற்கடியில் அடங்கிவிடும்.

நானே குதிரையேறிக்
கூடாரம் கூடாரமாய்ச் சொல்லிவந்தேன்.
"அப்படியா," என்றார்கள். தேநீர் ஊற்றினார்கள்.
அந்தச் செய்தி பரவவில்லை.
விட்ட விட்ட இடத்திலேயே நின்றது,
முளையில் கட்டிய கழுதை மாதிரி.

இப்போது இந்தக் கட்டம்.
"நோய் இல்லை, வதந்தி பரவியது" என எழுதலாம்.
இலக்கணப் பிழை கிடையாது.
புல் பரவும், வெயில் பரவும், அம்மை பரவும்.
அந்தச் சொல்லுக்குள் ஓர் எழுத்தை மட்டும்
வல்லினமாக்கிவிட்டால்
வாக்கியத்தில் ஒரு நாற்காலி முளைக்கிறது.
யாராவது அதில் உட்கார்ந்தாக வேண்டும்.

ஜிபாரை உட்காரவைக்கலாம்.
அவள் கேட்கத்தானே செய்தாள்.

கையெழுத்துக்குக் கீழே தனிக் கட்டம் உண்டு.
என் பெயர் எப்படியும் அங்கே வரும்.
மேலேயும் ஒரு தடவை எழுதுகிறேன்.

வெளியே எசென் ஹாரன் அடிக்கிறான்.
கொடுத்தனுப்ப வேண்டும்.