படிவம் தொண்ணூற்றைந்து

விடிகாலை ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள்,
ஒரு பிரியாணிக் கடைப் பையில்.
பேர்ணாம்பட்டில் அந்நேரம்
தோல் ஊறும் தொட்டிகள்தான் முதலில் நாறும்.
அதையும் மீறி வந்தது கருகல்.

"பேர் எழுதாதம்மா" என்றார் ஆய்வாளர்.
"மத நூல் ஒன்று, பகுதி எரிந்தது. போதும்."

நான் ஸ்டேஷன் ரைட்டர்.
கத்திக்கு நீளம் எழுதுவேன்,
சாராயத்துக்கு லிட்டர்,
திருட்டு மாட்டுக்குக் கொம்பின் வளைவு.
வலமிருந்து ஓடும் இந்த எழுத்து தெரியாது.
எண்ணினேன்.
முழுத்தாள் நூற்றுப் பதினேழு.
அரைத்தாள் நாற்பத்தொன்று.
எண்ணும்போதே உதிர்ந்தவை
எந்தக் கணக்கிலும் இல்லை.

உறையிலிட்டுத் தைத்து அரக்கு உருக்கினேன்.
அதற்கும் ஒரு தீக்குச்சி வேண்டியிருந்தது.

முத்தவல்லி ஜைனுல் ஆபிதீன் கத்தவில்லை.
கத்துவதற்கு வெளியே நானூறு பேர்.
"நைஞ்ச பக்கம்னா மண்ணுல அடக்கிடுவோம்மா,
மனுசன் மாதிரி. குடுத்தீங்கன்னா
மலட்டாத்தங்கரையில..."
"சாட்சிப் பொருள் பாய். கேஸ் முடியட்டும்."
அதன் மானம் காக்க வந்த சட்டம்
அதை அடக்கம் செய்ய விடாது.

பூவரசனைப் பிடித்தது வி.கோட்டா பஸ்ஸில்.
முகத்தில் துணி கட்டி, ராத்திரி இரண்டு பத்துக்கு,
பள்ளிவாசல் அலமாரியில் எடுத்து
அந்தப் படியிலேயே கொளுத்தி,
படம் பிடித்து எட்டுப் பேருக்கு அனுப்பியிருந்தான்.
"பேச்சு சுதந்திரம் மேடம்."
யார் சொல்லிக்கொடுத்தது என்றேன்.
தண்ணீர் கேட்டான். கொடுத்தேன்.

தை போய் சித்திரை.
ஆதிமலர், ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள்,
பஸ் ஸ்டாண்டு எதிரே பதினொரு மணி வெயிலில்
தன் பேரையும் தெருவையும் மைக்கில் சொல்லிவிட்டு,
பழைய சாத்திரம் ஒன்றில்
அவள் அம்மாவை நாயோடு சேர்த்து எழுதிய பக்கத்தைக்
கிழித்து எரித்தாள்.
காசு கொடுத்து வாங்கிய பிரதி. ரசீது வைத்திருந்தாள்.
மூன்று பேருக்கு மனம் புண்பட்டிருந்தது,
மூன்று மனுவும் ஒரே கையெழுத்தில்.
"பேச்சு சுதந்திரம்தானே மேடம்" என்றாள் அவளும்.

அதே பிரிவு.
முன்பு இருநூற்றுத் தொண்ணூற்றைந்து ஏ,
இப்போது இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
எண் நகர்ந்திருக்கிறது.
வேண்டுமென்றே செய்ததா,
கெட்ட எண்ணத்தோடு செய்ததா என்று கேட்கும்.
சாம்பலை டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன்.
இரண்டுக்கும் ஒரே நிறம்.

இரவுப் பணியில் இரண்டு காகிதத்தையும்
அருகருகே வைத்தேன்.
நேரம்: ஊர் தூங்கும்போது. ஊர் பார்க்கும்போது.
இடம்: அடுத்தவர் படி. நடுரோடு.
பொருள் யாருடையது: தொழுகிறவர்களுடையது. எரித்தவளுடையது.
கட்டங்கள் சொல்லத்தான் செய்கின்றன.
பிரிவு எண் போட்ட பிறகு
கட்டங்களை யார் படிக்கிறார்கள்?

அந்தப் பக்கத்தில் என் அம்மாவும் இருந்தாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்,
காலையில் சீருடைக்கு இஸ்திரி போடுகிறவள் நான்.

கோர்ட்டில் அலமாரி போதாதென்று
இரண்டு உறையும் எங்களிடமே திரும்பின.
சாராயக் கேன்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன்.
யாரும் சொல்லவில்லை.

முத்தவல்லி மாதாமாதம் வருகிறார்.
போன வாரம் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து,
"பக்கத்துல கீறது யாருது?"
"ஒரு பொண்ணு எரிச்சது."
"எதை?"
சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில்
ரொம்ப நேரம் துடைத்தார்.
"அந்தப் பொண்ணுக்கும் வாய்தாவா?"
"வர்ற பதினெட்டு, குடியாத்தம்."
"எங்களுதும் அன்னிக்குத்தாம்மா" என்றார்.
"ஏழே முக்கால் பஸ்ஸு. உக்கார எடம் இருக்காது."