திங்கட்கிழமைத் தாழ்ப்பாள்

நாற்பத்தொரு புள்ளி விட்டுக்கொடுத்துவிட்டு
வட டகோட்டாவின் பனிச்சாலையில்
வாய்திறக்காமல் வந்துசேர்ந்தோம்.
ஆனாலும் திங்கள் காலை
பயிற்சியாளர் ஹால்வர்சன்
அந்தத் துருவேறிய இரும்பை எடுத்தார்:
தானியக் கிடங்குக் கதவின் தாழ்ப்பாள்.
கிடங்கு எரிந்து அறுபது பனிக்காலம்.

தடுத்தவனுக்குத்தான் அது.
ஆணியால் கீறிய பெயர்களில்
பந்தோடு ஓடியவன் ஒருவனும் இல்லை.

யாரும் நிமிரவில்லை.
எங்கே தடுத்தோம், கொடுக்க?

"கோல்பி" என்றார்.
ஆட்டம் கைவிட்டுப் போனபின்,
அரங்கம் பாதி காலியானபின்,
கடைசி ஒரு கெஜத்தில்
நான்கு முறையும் மோதி நின்றவன்.
நான்காவதில் தலைக்கவசம் கழன்று உருண்டது.

கட்டுப்போட்ட இரு விரலோடு வாங்கினான்.
நன்றிகூடச் சொல்லவில்லை.
ஆணி கேட்டான்.
இடம் தேடித் திருப்பினான்;
பின்பக்கம் ஓரத்தில்
இன்னும் கொஞ்சம்
கதவின் பச்சை.